லைட்டை அணைங்க, பாயின்ட்டைப் பார்ப்போம்!

புல்லட்டை நாம் எல்லோரும் ரோட்டில்தான் பார்த்திருக்கிறோம். தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து வண்டிக்காரர் யார் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தச் சத்தம் தாளம் தப்பிப் போனால் வண்டி எங்கே போகும்? அங்கே அதை என்னதான் செய்வார்கள்? ஷட்டருக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. சென்னைப் புதுப்பேட்டைப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் பழைய பட்டறையில் அந்த ஆசை நிறைவேறியது. வாங்க, உங்களையும் உள்ளே கூட்டிக்கொண்டு போகிறேன்!

முதலில் வாசனை. பெட்ரோல், கிரீஸ், சூடான இரும்பு, பக்கத்துக் கடையிலிருந்து வரும் டீ எல்லாம் கலந்த வாசனை. சுவர் முழுக்க ஆணி அடித்துத் தொங்கவிட்ட கேஸ்கெட்டுகள். தரையில் பிரித்துப்போட்ட இரண்டு எஞ்சின்கள். நடுவில் கறுப்பு நிறத்தில், டேங்க்கில் தங்கக்கோடு போட்ட புல்லட் 350 ஒன்று. எழுபதுகளில் வாங்கியது. வாங்கியவரின் மகன் கைகளைக் கட்டிக்கொண்டு கவலையோடு பக்கத்தில் நிற்கிறார். பட்டறைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்.

“காலையில ஸ்டார்ட் பண்ணா அருமையா ஓடுது மாஸ்டர். பத்து பதினஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிக்குது. ஆக்ஸிலேட்டரை விட்டா சைலன்ஸர்ல பட்டாசு வெடிக்குது. ஐட்லிங்கும் நிக்க மாட்டேங்குது.”

“இதுவரைக்கும் என்னென்ன பண்ணீங்க தம்பி?”

“வேற இடத்துல கார்ப்ரேட்டர் க்ளீன் பண்ணாங்க. அப்புறம் திரும்பவும் பண்ணாங்க. ப்ளக் புதுசு.”

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். கார்ப்ரேட்டர் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. எனக்கு அப்போதே புல்லரித்துவிட்டது!

வண்டியை ஸ்டார்ட் செய்வதே தனிக் காட்சி. சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்ப்ஸ் மீட்டரின் முள் இடது பக்கம் சாய்கிறது. மாஸ்டர் கிக்கரைக் காலால் மெல்ல அழுத்திக்கொண்டே முள்ளைப் பார்க்கிறார். ஒரு கட்டத்தில் முள் டக்கென்று நடுவுக்கு வருகிறது. ப்ளக்குக்கான கரண்ட்டைச் சேர்த்து அறுக்கும் பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியை நெருங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இடது கையால், சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு துளி இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. டுக், டுக், டுக், டுக்! பலசாலிதான் புல்லட்டை உதைக்க முடியும் என்று சொல்பவர்களை இங்கே ஒரு நாள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மாஸ்டரின் எடை ஐம்பது கிலோ இருந்தால் அதிகம்.

அடுத்து அவர் செய்தது எதுவும் இல்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, கேட்க ஆரம்பித்தார்.

இந்த எஞ்சினைக் காதால் கேட்க முடியும் என்பதுதான் இதன் பேரழகு. ஒற்றை சிலிண்டர், 346 சிசி. உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. இப்படி ஒல்லியாக, உயரமாக இருக்கும் சிலிண்டருக்குக் கீழே கனமான ஃப்ளைவீல்கள் சுற்றுகின்றன. அதனால் மெதுவாகச் சுற்றினாலும் எஞ்சின் நிற்காது. நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால், 400 முறை தீப்பிடிக்கும். நொடிக்கு ஏழுக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். இரண்டு சிலிண்டர் வண்டியில் ஒன்று சொதப்பினால் இன்னொன்று இழுத்துக்கொண்டு போய்விடும், இதில் அதற்கு வழியில்லை. ஒரு அடி விடுபட்டாலும் அந்த இடம் காலியாகவே கேட்கும்.

“இப்ப பாருங்க, சீரா இருக்கு. சூடாகட்டும்” என்றார் மாஸ்டர்.

சூடாகிற நேரத்தில் வண்டியின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். இது நம்ம ஊர்ப் பிள்ளை! இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 800 புல்லட்டுகள் கேட்டதை ஒட்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் இயந்திரங்களும் வந்து, பாகங்களே சென்னைத் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கின. 1970இல் தாய்க் கம்பெனி மூடப்பட்ட பிறகும், புல்லட் திருவொற்றியூரிலிருந்து நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அந்த எஞ்சினின் அடிப்படை வடிவமும் பல வருடங்களுக்குப் பெரிதாக மாறவில்லை. ஐம்பது வருடப் பழைய வண்டிக்கு இன்றும் புதுப்பேட்டையில் போய் நின்றால் சாமான் கிடைக்கிறது. உலகத்தில் எத்தனை பழைய வண்டிகளுக்கு இந்தக் கொடுப்பினை இருக்கிறது, சொல்லுங்கள்!

சரி, எஞ்சின் சூடேறிவிட்டது. டுக், டுக், ... டுக், டுக், டுக், ... டுக். விழுந்தது ஓட்டை! சொந்தக்காரர் முகம் சுருங்கியது. மாஸ்டர் முகம் மலர்ந்தது. கோளாறு கண்ணெதிரே வந்துவிட்டதே, இனிமேல் அது எங்கே ஓடும்?

விறுவிறுவென்று சில சோதனைகள். டேங்க் மூடியைத் திறந்தார். மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச தூரம் போனதும் பெட்ரோல் வருவது குறைந்துவிடும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டி சரியாகிவிடும். இந்த வண்டியில் ‘உஸ்’ இல்லை. ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். ஹெட்லைட் கூட்டுக்குள் போகும் ஒயர் ஏதாவது உறைக்குள்ளேயே அறுந்திருந்தால், திருப்பும்போது மிஸ்ஸிங் கூடும் அல்லது குறையும். மாற்றமில்லை. டீகம்ப்ரஸர் கேபிளை விரலால் அசைத்தார். அது இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். கேபிளில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது, நல்லது.

அடுத்து ஒரு கண்ணாடி பாட்டில். டேங்க்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால், அதுவும் சென்னைப் புழுக்கத்தில் நின்றால், ஒரு அளவுக்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். எஞ்சினுக்கு முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான். பழைய வண்டிகளின் ரப்பர் குழாயையும் வாஷரையும்கூட எத்தனால் ஊற வைத்துக் கெடுக்கும். பாட்டிலில் பிரிவு எதுவும் தெரியவில்லை. பெட்ரோலுக்கு விடுதலை!

எஞ்சினை நிறுத்தினார். துணியைச் சுற்றிச் சூட்டோடு சூடாக ப்ளக்கைக் கழற்றினார். எதிரில் இருந்த எனக்கு அது வெறும் கறுப்பு. அவர் அதைப் படித்தார். பெட்ரோல் அதிகமாகிப் படிகிற கரி மாவு மாதிரி உலர்ந்து, வட்டம் முழுக்க ஒரே சீராக இருக்குமாம். காற்று அதிகமானால் பீங்கான் வெளுத்துப்போகும். இங்கே பீங்கான் ஒரு பக்கம் வெளுப்பு, இன்னொரு பக்கம் நனைந்த கரி.

“ஒரு சமயம் எரியுது, ஒரு சமயம் எரியல. அதுக்கு மேல காத்தும் எங்கிருந்தோ வருது. ரெண்டு வியாதி இருக்கு தம்பி.”

ரெண்டு! துப்பறியும் கதையில் இரண்டாவது திருடன் நுழைந்த மாதிரி எனக்கு உடம்பே நிமிர்ந்துவிட்டது.

வால்வை இயக்கும் டேப்பட்டையும் பார்த்துவிடலாம் என்று சிலிண்டர் பக்கத்திலுள்ள சின்ன மூடியைக் கழற்றினார்கள். இதை எஞ்சின் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும் என்பதால் மின்விசிறியைத் திருப்பிவைத்துக் காத்திருந்தோம். உள்ளே இரண்டு புஷ் ராடுகள். பல எஞ்சின்களில் இங்கே கேஜ் வைத்து இடைவெளி அளப்பார்கள். இந்தப் பழைய புல்லட்டுக்கு இடைவெளியே கூடாது. இரண்டு விரலால் உருட்டினால் ராடு லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. மாஸ்டர் என்னை அழைத்து உருட்டிப் பார்க்கச் சொன்னார். எண்ணெய்ப் பசையோடு, பட்டுப்போல் சுழன்றது. ஐம்பது வருட எஞ்சினின் நாடியை நான் தொட்டுவிட்டேன்!

மறுபடி ஸ்டார்ட் செய்து சூடேற்றினார்கள். இப்போதுதான் இந்தச் சாயங்காலத்தின் சிகரம். எஞ்சினின் வலது பக்கம், சிலிண்டருக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டமான கூடு இருக்கிறது. அதன் மூடியைக் கழற்றிவிட்டு, “டேய், லைட்டை அணைடா” என்றார் உதவிக்கு நிற்கும் பையனிடம். ஷட்டர் ஏற்கெனவே பாதி இறங்கியிருந்தது. அதை முழுசாக மூட மாட்டார், பின்கதவும் திறந்தே இருக்கும். எஞ்சின் ஓடும்போது அறையை அடைத்தால் புகையே ஆளைக் கொன்றுவிடும். இதில் மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இருட்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. கூட்டுக்குள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு தீப்பொறி சட்டுச் சட்டென்று தெறிக்கிறது! எஞ்சின் எரிவதற்கான உத்தரவு பிறக்கும் இடத்தை நேரடியாகக் கண்ணால் பார்க்கிறோம். நான் ‘ஆகா’ என்று கத்தியே விட்டேன்.

“அழகா இருக்குல்ல? அது இருக்கவே கூடாது” என்றார் மாஸ்டர்.

விஷயம் இதுதான். பாயின்ட் மூடியிருக்கும்போது இக்னிஷன் காயிலின் முதல் சுற்றில் கரண்ட் ஓடுகிறது. பாயின்ட் திறந்ததும் அது சட்டென்று அறுபட வேண்டும். எவ்வளவு சட்டென்று அறுபடுகிறதோ, அவ்வளவு பலமாக இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி ப்ளக்கில் பொறியாக விழும். ஆனால் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் லேசில் நிற்காது, திறந்த பாயின்ட்டின் இடைவெளியையே தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் பாயின்ட்டோடு ஒரு கன்டென்சரைச் சேர்த்திருக்கிறார்கள். விரல்நுனி அளவு தகர உருளை. குதிக்க வரும் கரண்ட்டை அந்த நொடியில் அது தனக்குள் வாங்கிக்கொள்ளும். கன்டென்சர் நன்றாக இருந்தால் பாயின்ட்டில் மெல்லிய நீலப் புள்ளி தெரியும், அவ்வளவுதான். கெட்டுப்போனால் பொறி பாயின்ட்டிலேயே எரிந்து தீர்ந்துவிடும், ப்ளக்குக்குப் பலவீனமாகத்தான் போகும். சில கன்டென்சர்கள் ஆறியிருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, சூடானால் மட்டும் மக்கர் பண்ணும். காலையில் அருமை, பதினைந்து நிமிடத்தில் மிஸ்ஸிங் என்ற புகாருக்கு இதைவிடப் பொருத்தமான ஆசாமி கிடையாது!

ஆனாலும் மாஸ்டர் தீர்ப்பு எழுதவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு கன்டென்சரை எடுத்தார். அதில் ஒயரும் முதலைவாய்க் கிளிப்பும் ஏற்கெனவே பொருத்தியிருந்தது. வண்டியின் கன்டென்சர் ஒயரைக் கழற்றிவிட்டு, இதன் உடம்பை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்து, கிளிப்பைப் பாயின்ட்டில் மாட்டி, ஒரு உதை. மறுபடி இருட்டு. மஞ்சள் தீ காணோம்! உற்றுப் பார்த்தால் ஊசிமுனை அளவு நீலம் மட்டும். காதில் டுக், டுக், டுக், டுக் என்று ஒரு ஓட்டைகூட இல்லாத வரிசை. சொந்தக்காரர் இருட்டிலேயே கைதட்டினார், நானும் தட்டினேன்.

லைட் போட்டபின் பாயின்ட்டைக் கழற்றிக் காட்டினார். ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் அதற்கேற்ற மேடு. தீ தின்ற உலோகம் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. இதை அரத்தால் தேய்த்துச் சமன் செய்யலாம், புதிது போடுவதுதான் நல்லது. புதிய பாயின்ட்டை மாட்டி, பாயின்ட்டைத் திறந்துவிடும் கேம் உச்சியில் இருக்கும்போது ஃபீலர் கேஜைச் செருகி இடைவெளி வைத்தார். 15 தவ், அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 15 பங்கு, மில்லிமீட்டரில் சொன்னால் 0.38. அந்தத் தகடு உள்ளே போகும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், இழுத்தால் வந்துவிட வேண்டும்.

டைமிங் வைத்தது இன்னும் அழகு. ப்ளக் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு பிஸ்டனின் உச்சியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 0.8 மி.மீ. கீழே வரும்படி திருப்பினார். பாயின்ட்டுக்கு நடுவில் ஒரு சிகரெட் தாள். அதை மெல்ல இழுத்துக்கொண்டே பாயின்ட் தட்டைத் திருப்ப, தாள் எந்த நொடியில் விடுபட்டு வருகிறதோ அதுதான் பாயின்ட் திறக்கிற நொடி. அங்கேயே இறுக்கிவிட்டார். பாயின்ட் தட்டுக்கு அடியில் வேகத்துக்கு ஏற்ப டைமிங்கைத் தானாக முன்னே தள்ளுகிற எடைகளும் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. ஸ்பிரிங் தொய்ந்தால் ஐட்லிங் ஏறி ஏறி இறங்கும். இந்த வண்டியில் அவை உறுதியாக இருந்தன. ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் விட்டார்.

சரி, இரண்டாவது திருடன்? ஆக்ஸிலேட்டரை விட்டால் பட்டாசு இன்னும் லேசாக வெடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கேனை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் கார்ப்ரேட்டர் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் மூட்டைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். பக்கவாட்டில் விட்டார், ஒன்றுமில்லை. மேலே ஒரு சொட்டு விழுந்ததும் எண்ணெய் உள்ளே இழுபட்டது, எஞ்சின் சத்தம் அப்படியே மாறியது! அந்த மூட்டு வழியாகக் கணக்கில் இல்லாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கார்ப்ரேட்டர் கடைசியாகக் கழன்றது. ஜெட்டுகள் பளிச்சென்று இருந்தன. இரண்டு முறை சுத்தம் செய்தவர்கள் சுத்தமாகத்தான் செய்திருக்கிறார்கள். மாஸ்டர் அதன் முகத்தட்டின் மேல் எஃகு ஸ்கேலை வைத்து டியூப்லைட்டைப் பார்த்துப் பிடித்தார். நடுவில் முடி அளவு வெளிச்சக் கீற்று! ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் இரண்டு பக்க நட்டையும் பலம்கொண்ட மட்டும் இறுக்கியதில், அந்த மெல்லிய தட்டு வில்போல வளைந்திருக்கிறது. வண்டிக்கு முதலில் வந்தது கன்டென்சர் வியாதி. அதற்குக் கார்ப்ரேட்டரில் வைத்தியம் பார்க்கப்போய், இரண்டாவது வியாதி வந்து சேர்ந்திருக்கிறது.

இதை எல்லா புல்லட்காரர்களுக்கும் உரக்கச் சொல்ல ஆசையாக இருக்கிறது. மிஸ்ஸிங் என்றதும் கார்ப்ரேட்டரைக் கழற்றாதீர்கள்! அது வெளியே தெரிகிற இடத்தில் இருக்கிறது, இரண்டு நட்டில் கையோடு வந்துவிடுகிறது, உள்ளே கொஞ்சமாவது அழுக்கும் கிடைக்கும், அதனால் எதையோ சரிசெய்த நிறைவு வருகிறது. கரண்ட்டைக் கண்ணால் பார்க்க முடியாதென்று யாரும் தேடுவதில்லை. லைட்டை அணைத்தால் பார்க்க முடிகிறதே!

தடிமனான கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் எமரி தாளை விரித்து, கார்ப்ரேட்டரின் முகத்தை எட்டுப் போடுகிற மாதிரி மெல்லத் தேய்த்தான் பையன். அவசரமே இல்லை. முதலில் இரண்டு ஓரங்களில் மட்டும் பளபளப்பு தெரிந்தது, பிறகு அது நடுவை நோக்கி வளர்ந்து, கடைசியில் முழு வட்டமும் ஒரே நிறம். புது கேஸ்கெட், நட்டுகள் இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக அளவோடு இறுக்கியாயிற்று. கன்டென்சரும் புதிது.

“போய்ச் சூடு பண்ணிட்டு வருவோம், ஏறுங்க தம்பி” என்று மாஸ்டர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். மெரினா வரை போய்த் திரும்பினார்கள். வழக்கமாக வண்டி மக்கர் பண்ணும் இடமெல்லாம் தாண்டியாயிற்று. சந்துக்குள் திரும்பும்போதே சத்தத்தில் தெரிந்துவிட்டது. பையன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான்!

மிச்சம் இருந்தது ஐட்லிங். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் வைக்க வேண்டுமாம். மாஸ்டர் சின்ன ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து என்னிடம் நீட்டினார். ஏர் ஸ்க்ரூவை உள்ளே மெல்லத் திருப்பச் சொன்னார், சத்தம் கனத்து மந்தமானது. வெளியே திருப்பச் சொன்னார், அடிகள் துள்ளி எழுந்தன. இன்னும் கால் சுற்று, துள்ளல் உச்சத்துக்குப் போனது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன், சத்தம் மெலிந்து தடுமாறியது. “திரும்பி வாங்க, போதும், அங்கேயே விடுங்க!” பிறகு வேகத்துக்கான ஸ்க்ரூவை அவர் குறைக்கக் குறைக்க, அடிகள் விலகி விலகி, எண்ணிச் சொல்லிவிடும் அளவுக்கு நிதானமாயின. எஞ்சின் நிற்கவில்லை.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க தம்பி. டூல் பாக்ஸ்ல ஒரு கன்டென்சர் போட்டு வெச்சிருக்கேன். அடுத்த வாரம் ஒருதரம் பாயின்ட் கேப் பார்க்கணும், புது பாயின்ட்டோட, கேம்ல உரசுற குதிகால் கொஞ்சம் தேய்ஞ்சு உக்காரும்.”